பச்சை நிறத்தை நம்பலாமா?

நூலை விமரிசிப்பது போலவே ஒரு தலப்படத்தையும் விமரிசிக்கலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹீலா ஆறு தோன்றும் மலைப்பகுதிக்கு, அந்நாட்டு நிலவியல் அளவைத் துறை 1960களில் வெளியிட்ட தாள்களை எடுத்துக்கொள்வோம். காடும் மேய்ச்சல் நிலமும் கலந்த, மக்கள் மிகக் குறைந்த பகுதி அது. அளவு 1:24,000; அதாவது படத்தில் ஓர் அங்குலம், தரையில் 2,000 அடி.

முதலில் நிறைகளைக் கூறிவிடுவோம். விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களைக் கொண்டு வரைந்து, தரையிலும் சென்று சரிபார்க்கப்பட்ட படங்கள் இவை. பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் மென்சரிவு. அறுபது ஆண்டுகள் கழிந்தும் மலையின் இவ்வுருவம் பெரிதும் மாறவில்லை. தனித்த பண்ணை வீடு, மாட்டுப்பட்டி, நீர் இறைக்கும் காற்றாலை, கால்நடைக் குட்டை ஆகியவற்றுக்கும் குறியீடுகள் உண்டு.

குறை எங்கே? பச்சை நிறத்தில்தான். அதைக் கண்டதும் செழித்த காடு என்று எண்ணுகிறோம். ஆனால் அத்துறையின் விதி வேறு. மரமோ புதரோ ஆறடி உயரமாவது இருக்க வேண்டும். படைவீரர் மறைந்துகொள்ளும் அளவுக்கு அடர்ந்திருக்க வேண்டும். ஆகவே ஓங்கிய பாண்டரோசா பைனுக்கும் குட்டையான ஜூனிப்பருக்கும் ஒரே பச்சைதான்! மாடு வளர்ப்போருக்கு வேண்டிய புல் எங்கே, எவ்வளவு என்பதைப் படம் சொல்வதில்லை.

மேலும், காடு மாறும் இயல்புடையது. 2012இல் இம்மலைகளில் ஒயிட்வாட்டர்-பால்டி தீ ஏறத்தாழ 1,20,000 ஹெக்டேர் பரப்பில் பரவியது. பல சரிவுகளில் மரங்கள் அடியோடு கருகின. பழைய தாளிலோ அவை இன்றும் பச்சை.

நீல நிறத்திற்கும் இது பொருந்தும். ஊற்று என்று குறித்திருப்பதால் அங்கே இன்றும் நீர் ஊறுகிறது என்று பொருளன்று. அதை நம்பி வெறுங்கையுடன் நடப்பவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அப்படியானால் இத்தாள்கள் பயனற்றவையா? இல்லை. அந்தப் பழைய பச்சையை இன்றைய செயற்கைக்கோள் படத்துடன் ஒப்பிட்டால், எங்கே காடு போயிற்று, எங்கே புதிதாய் வந்தது என்று அறியலாம். வழிகாட்டியாகத் தவறுவது வரலாற்றுச் சான்றாக உதவுகிறது.

ஆகவே மாணவர்களே, எந்தத் தலப்படத்தைக் கையிலெடுத்தாலும் முதலில் அதன் ஓரத்தில் அச்சிட்டுள்ள ஆண்டைப் படியுங்கள். நிறங்களைப் பிறகு பார்க்கலாம்.