குடவோலையும் கல்முனையும்

உள்ளூராட்சியைப் பற்றித் தமிழிற் கட்டுரை வரையப் புகுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டைத் தொட்டு வணங்காது மேற்செல்வதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுக்களைக் காட்டி, உலகிற்கு மக்களாட்சியை வழங்கியவர் யாமே எனப் பெருமிதங் கொள்ளுதல் அவர்தம் வழக்கு. மாணவனாயிருந்த காலத்து யானும் அவ்வாறு எழுதியதுண்டு. ஆயின், கல்வெட்டின் செய்தியை நிதானித்து நோக்குமிடத்து அப்பெருமிதம் பெரிதுந் தளர்ந்துவிடுகின்றது. அச்சபை பிராமணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலத்துச் சபை. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவனாய், தன் மனையில் வீடு கட்டியவனாய், முப்பத்தைந்திற்கும் எழுபதிற்கும் இடைப்பட்ட வயதினனாய், வேதம் கற்றவனாய் உள்ளவன் பெயரே ஓலையில் எழுதப்படும். பெண்ணுக்கு அங்கு இடமில்லை. நிலமற்ற உழவனுக்கும் இடமில்லை. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தமையால், அதனைத் தேர்தல் என்பதினும் திருவுளச்சீட்டு என்பதே பொருந்தும்.

இவையனைத்தும் உண்மையாயினும், அக்கல்வெட்டில் நம்மவர் போதிய அளவு கருதாத செய்தி ஒன்றுண்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குத் தெரிவானோர் 360 நாட் பணியாற்றியபின் விலகுதல் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதொழிந்தவனது பெயரும், அவன் நெருங்கிய உறவினர் பெயரும் மீண்டும் குடத்துள் விழலாகாது. யார் வாக்களிக்கலாம் என்னும் வினாவிற்கு அக்காலத்தார் குறுகிய விடை கண்டனர். எப்பொழுது என்னும் வினாவிற்கோ தெளிவான விடை கண்டனர். நாமோ முதல் வினாவைப் பரந்த மனத்துடன் தீர்த்துவிட்டு, இரண்டாவதனை அமைச்சர் கையில் ஒப்படைத்துவிட்டோம். நம் நாட்டு உள்ளூர்த் தேர்தல்களின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து.

இக்கருத்தைச் சோதித்தற்கு 2025 ஆம் ஆண்டு ஏற்றதோர் ஆண்டு. அவ்வாண்டிற் பல நாடுகளில் மாநில, உள்ளூர்த் தேர்தல்கள் நிகழ்ந்தன. ஜெர்மனியின் ஹம்பேர்க் மாநிலம் மார்ச் 2 ஆம் நாள் தன் சட்டமன்றத்தைத் தெரிவு செய்தது. ஐந்தாண்டு முடிந்தது, வாக்களித்தனர், அவ்வளவே. இங்கிலாந்திற் பல சபைகளுக்கு மே முதலாம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. எனினும் எசெக்ஸ், சறே முதலிய ஒன்பது சபைகளின் தேர்தல் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. சபைகளின் அமைப்பையும் எல்லையையும் திருத்தப் போகின்றோம், அதற்கிடையில் தேர்தல் எதற்கு என்பது அரசாங்கத்தின் நியாயம். எதிர்க்கட்சிகள் இதனை வன்மையாகக் கண்டித்தன. எல்லைத் திருத்தம் என்னும் இக்காரணத்தை வாசகர் நினைவில் இருத்துவாராக. நம் கரையோரத்திலும் அது மீண்டும் தலைகாட்டும்.

இந்தியாவின் நிலை இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது. அந்நாட்டு அரசியலமைப்பின் எழுபத்து மூன்றாந் திருத்தம், 1992 இல் நிறைவேறியது, ஊராட்சிகளின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேலில்லை என ஐயத்திற்கிடமின்றி விதித்துள்ளது. கேரளம் 2020 டிசம்பரில் வாக்களித்தது; மீண்டும் 2025 டிசம்பர் 9 ஆம், 11 ஆம் நாட்களில் வாக்களித்தது. அண்டையிலுள்ள தமிழ்நாடும் அதே அரசியலமைப்பின் கீழ் உள்ளதே. அங்கு 2016 அக்டோபரில் முடிவுற்ற ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரிலேயே, அதுவும் 27 மாவட்டங்களில் மாத்திரம், தேர்தல் வைத்தனர். அவ்வாறு தெரிவானோரின் காலம் 2025 ஜனவரி 5 ஆம் நாள் முடியவே, தேர்தலுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் வந்தமர்ந்தனர். உத்தரமேரூர் அமைந்துள்ள மாநிலம் அதுவென்பதை எண்ணுங்கால் நகைப்பதோ வருந்துவதோ அறியேன். நாளைச் சட்டத்தில் எழுதிவைத்தால் மாத்திரம் போதாது, நாள் தவறினாற் கேட்கும் ஊரவரும் வேண்டும் என்பது இவ்விரு மாநிலங்களையும் ஒப்பிடுவார்க்குப் புலனாகும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2017 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டங்கள் உள்ளூராட்சித் தேர்தல் முறையை அடியோடு மாற்றின. உறுப்பினருள் நூற்றுக்கு அறுபதின்மர் வட்டாரத்திலிருந்தும், நாற்பதின்மர் பட்டியலிலிருந்தும் வரலாயினர். பெண்களுக்கு நான்கிலொரு பங்கு ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை 8,000 இற்கு மேலாகப் பெருகிற்று. இத்துணைப் பெருந்தொகையினர் எதற்கு என்பதை எவரும் இன்றுவரை எனக்கு விளக்கவில்லை. ஆயினும் பெண்கள் பற்றிய ஏற்பாட்டை யான் மனமுவந்து பாராட்டுவேன்.

இம்முறையில் 2018 பெப்ரவரி 10 ஆம் நாள் தெரிவான சபைகளின் ஆயுள் நான்காண்டு. அமைச்சர் விரும்பின் ஓராண்டு நீட்டலாம், நீட்டினார். 2023 மார்ச் 9 ஆம் நாள் தேர்தல் என அறிவிக்கப்பட்டு, வேட்புமனுக்களும் ஏற்கப்பட்டன. பின்னர் பணமில்லை என்றனர். வாக்குச்சீட்டு அச்சிடப் பணமில்லாமையால் தபால் மூல வாக்களிப்பும் நின்றது. வாக்கெடுப்புக் கடமைக்குச் செல்லும் ஆசிரியர் தபால் வாக்காளரே ஆதலின், அவ்வறிவித்தலை எம் பாடசாலை ஓய்வறையில் அனைவரும் உரத்து வாசித்துக் கேட்டது நினைவிருக்கின்றது. வேட்பாளராய் நின்ற அரசாங்க ஊழியர் பலர் தேர்தலுமின்றி, கடமைக்குத் திரும்பவும் இயலாது, மாதக்கணக்கில் இடைநடுவில் நின்றனர். அத்தேர்தலை நடத்தாமையால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22 ஆம் நாள் தீர்ப்பளித்தது. நிதியமைச்சராகவும் இருந்த அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதற்குப் பொறுப்புடையவராகக் காணப்பட்டார். புதிய வேட்புமனுக்களுடன் 2025 மே 6 ஆம் நாள் 339 சபைகளுக்கு வாக்கெடுப்பு நிகழ்ந்தது.

அவ்வாக்கெடுப்பின் பெறுபேற்றில் ஒன்றை மட்டும் சுட்டுவேன். 2024 நவம்பர்ப் பாராளுமன்றத் தேர்தலில் நூற்றுக்கு 61 இற்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற தேசிய மக்கள் சக்தி, ஆறு மாதத்தின் பின் உள்ளூரில் ஏறத்தாழ 43 பங்கே பெற்றது. நாட்டிற்கு ஒருவரையும் ஊருக்கு வேறொருவரையும் தெரிவு செய்யும் பகுத்தறிவு மக்களுக்கு உண்டு. ஊர்த் தேர்தலை ஒத்திவைப்போர் அஞ்சுவதும் இப்பகுத்தறிவையே போலும்.

நாட்டின் சபைகள் 341; அவ்வாண்டு வாக்களித்தவை 339. விடுபட்ட இரண்டனுள் எல்பிட்டி முந்திய ஆண்டு அக்டோபரிலேயே வாக்களித்துவிட்டது. மற்றையது கல்முனை மாநகர சபை.

கல்முனையின் கதையை அக்கரைப்பற்று, ஆலையடிவேம்புப் பகுதியார்க்கு யான் சொல்லவேண்டியதில்லை. எனினும் அதனை முழுமையாக ஒருங்குவைத்து நோக்குவோர் அரியர். பெரியநீலாவணை தொடங்கிச் சாய்ந்தமருது ஈறாகத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்த நெய்தற்கரை அது. முன்னர் அங்குக் கல்முனைப் பட்டின சபையும், கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்கு என்னுங் கிராம சபைகளும் தனித்தனி இருந்தன. 1987 இற் பிரதேச சபைச் சட்டம் வந்தபொழுது இவை ஒன்றாக்கப்பட்டன. 2001 இல் மாநகர சபையாயிற்று. கரைவாகு தெற்காயிருந்த சாய்ந்தமருது தன் பழைய தனிச்சபையைத் திரும்பத் தருக எனக் கேட்டது. 2018 தேர்தலில் அவ்வூரார் பெருங்கட்சிகளை ஒதுக்கிச் சுயேச்சைக் குழுவாய் நின்று ஒன்பது ஆசனம் வென்றனர். 2020 பெப்ரவரியில் நகர சபை தந்தோம் என வர்த்தமானி வெளிவந்தது. சில நாட்களுள் அது நிறுத்தியும் வைக்கப்பட்டது. பிணக்கு நீதிமன்றம் ஏறிற்று. 2023 இற் கல்முனைக்கு வேட்புமனுவே ஏற்கப்படவில்லை. 2025 இலும் வழக்கின் காரணமாகத் தேர்தல் இல்லை. அக்கரைப்பற்று 2011 இல் மாநகர சபையாக உயர்ந்தபொழுது, அதன் புறத்தே தனிப் பிரதேச சபையொன்றும் அமைந்ததை நாம் கண்டோம். உள்ளூராட்சி அமைச்சர் அன்று அவ்வூரார். ஓர் ஊருக்கு எளிதாய் முடிந்தது பிறிதோர் ஊருக்கு முடியாமைக்கு நில அளவையாளர் காரணரல்லர்.

இங்குப் பழியை அரசாங்கத்தின்மேல் மாத்திரம் சுமத்துதல் நேர்மையாகாது. சாய்ந்தமருது பிரிந்தால் எஞ்சும் சபையிற் தமது பெரும்பான்மை குன்றும் எனக் கல்முனை முஸ்லிம்கள் அஞ்சினர். பிரிப்பதாயின் பழையபடி நான்காகப் பிரிக்குக என்றனர். தமிழரோ, வடக்குப் பிரதேச செயலகத்தை முழுத் தரத்திற்கு உயர்த்தித் தருக எனக் கேட்டு, 2019 இல் உண்ணாவிரதமும் இருந்தனர். ஒவ்வொரு கோரிக்கையிலும் நியாயம் உண்டு. தமிழன் என்ற முறையில் கடைசிக் கோரிக்கையில் எனக்குப் பற்றும் உண்டு. ஆயின், மூன்று திறத்தாரும் எல்லைக்காகத் திரண்ட அளவிற்குத் தேர்தல் நாளுக்காகத் திரண்டிலர். 2023 மார்ச் மாதத்தின்பின் கல்முனையிற் குப்பை அகற்றலும், வடிகாலும், சந்தைக் கடை வாடகையும் தெரிவாகாத அலுவலர் கையிலாயின. வடிகால் அடைத்தால் நீர் இரு சமூகத்தார் முற்றத்திலும் ஏறும்.

எல்லை தீர்ந்தபின் தேர்தல் என்பார்க்கு மாகாண சபையின் வரலாறு போதிய விடை தரும். கிழக்கு மாகாண சபை 2008 இலும் 2012 இலும் தெரிவாகி, 2017 செப்டெம்பர் 30 ஆம் நாள் காலாவதியாயிற்று. புதிய முறைக்கெனத் தொகுதி எல்லை வகுத்த அறிக்கை 2018 ஆகஸ்டிற் பாராளுமன்றத்துக்கு வந்தபொழுது ஆதரவாக ஒரு வாக்குத்தானும் விழவில்லை. பழைய முறை நீங்கிற்று, புதிய முறை பிறக்கவில்லை. 2025 ஆம் ஆண்டு முடியும்வரை ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலேனும் தேர்தல் நிகழவில்லை. 2012 இற் கிழக்கில் வாக்களித்தபொழுது பத்து வயதினராயிருந்தோர் இன்று இருபதைக் கடந்தும் மாகாண வாக்குச்சீட்டைக் கண்டிலர்.

2025 மே 6 ஆம் நாள் வாக்கெடுப்பு நிலையத்தில் என்னுடன் கடமையாற்றிய ஆசிரியர் ஒருவர் கல்முனையைச் சேர்ந்தவர், முஸ்லிம் நண்பர். மாலை நான்கு மணிக்குப் பெட்டியை முத்திரையிட்டபின், தம் இடக்கைச் சிறுவிரலைக் காட்டி, “பிறருக்கெல்லாம் மை பூச வைத்தோம் சேர், எனக்குப் பூச ஒருவரும் இல்லை” என்றார்.