19 பேரில் ஒருத்தி

ஒரகடம் ஷிப்ட் பஸ்ஸில், தோழியும் நானும் ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டுதான் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டுகளைக் கேட்டோம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய குழு அது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேரில் ஒரே பெண் இசைவாணி. சாவு வீடுகளில் ஆண்கள் பாடிவந்த கானாவை, ராக் கிதாரும் ராப்பும் சூழ, அவர் பாடினார். பெண்கள் சபரிமலைக்குப் போனால் என்ன என்று கேட்கும் 'ஐயாம் சாரி ஐயப்பா'வுக்காக 2024இல்கூட அவருக்கு மிரட்டல் வந்தது. பாட்டுக்கு அப்போது ஆறு வயது!

இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் கூச்சமில்லாமல் மேடையேற்றிய குழு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உழைப்பாளி என்று அவர்கள் பாடும்போது என் மனதில் எழுவது ஆணின் உருவம்தான். நைட் ஷிப்டும் விடுதிப் பூட்டும் அங்கே எனக்குக் கேட்கவில்லை. ஒரு பெண் குரலைச் சேர்த்தால் மட்டும் அது வந்துவிடுமா? 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயுற்றதும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்தார்களே, அந்த இரவுக்கு இன்னும் பாட்டு வேண்டும்.

எங்கள் விடுதியில் ஒருத்தி பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டி, இசைவாணி மெட்டில் கேன்டீன் சாம்பாரைப் பாடுவாள். வார்டன் மாடியேறி வருவதற்குள் இரண்டு சரணம் முடிந்துவிடும்.