கையெழுத்து யாருடையது?

எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்டி பிடித்து வருகிறார்கள். ஆந்திராவிலுள்ள அந்தப் புத்தூரை ஒட்டிய நாராயணவனத்தில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் பயணம் எதிர்த்திசையில் போகும். ஆந்திர அரசின் மனநல மருத்துவமனை ஒன்று விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம்; குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்து 1957 முதல் நடக்கிறது. நோயாளி நெடுந்தூரம் அலையக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. குறைந்தபட்சச் சேவைகள் மாவட்டத்தில் கிடைக்காவிட்டால், வேறிடத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவை அரசு ஏற்க வேண்டும். ஆனால் அந்த வேறிடமும் அதே மாவட்டத்துக்குள் இருக்க வேண்டுமாம்! 2022இல் சித்தூரிலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட இந்த எல்லையோர ஊருக்கு, பாகாயம் அந்த வரிக்குள் வராது.

சட்டத்தின் இந்தக் குறைக்காகச் சமூக மனநலச் சேவையையே தூக்கியெறிய முடியாது. பெல்லாரியில் நடந்த சோதனையை முன்மாதிரியாகக் கொண்டு 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், வைத்தியத்தைப் பெருநகரக் காப்பகத்திலிருந்து மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது. அருகில் மருத்துவம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடி காட்டிவிட்டது. அங்கே காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் தீயிலிருந்து ஓட முடியாமல் மாண்டார்கள். சங்கிலியை இன்று சட்டமே தடை செய்கிறது. காப்பகத்துக்கு வெளியே வாழும் உரிமையையும் 19ஆம் பிரிவு தருகிறது. வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் உள்ளே வைத்திருக்கக் கூடாது. இவை சிறிய வெற்றிகள் அல்ல.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘சமூகம்’ என்று திட்டம் சொல்வது வீட்டை, வீடு என்பது பெரும்பாலும் ஒரு தாயை. மருத்துவர் அவரிடம் பேசுவார், மாத்திரையை அவரிடம் தருவார். எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று எண்ணிவிடலாம். எது, எதற்கு, என்ன பக்கவிளைவு என்று நோயாளிக்கே அவருக்குப் புரியும் மொழியில் சொன்னோமா என்பது அப்படி எண்ணிக்கையில் ஏறாது. தமிழும் தெலுங்கும் புழங்கும் ஊரில் மொழி ஒரு சில்லறை விஷயமல்ல. புரியாத விளக்கத்துக்குத் தலையாட்டுவது சம்மதம் ஆகாது.

“தெளிவில்லாதவரிடம் என்ன கேட்பது?” என்பார்கள். நோய் இருப்பதாலேயே முடிவெடுக்கும் திறன் போய்விட்டதாகக் கொள்ளக் கூடாது என்பதே சட்டத்தின் நிலை. தகவல் புரிகிறதா, விளைவு தெரிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா என்றுதான் 4ஆம் பிரிவு பார்க்கிறது. நெருக்கடியில் வேறொருவரின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்க 89ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கும் 30 நாள் வரம்பு உண்டு. இன்னொரு மறுப்பு கனமானது: நம் நோயாளியைத் தாங்கி நிற்பது குடும்பம்தான், தனிமனித உரிமை பேசி அதைப் பிரிக்கலாமா? பிரிக்க வேண்டியதில்லை. தம் சார்பில் பேசும் பிரதிநிதியை நோயாளியே நியமிக்கலாம் என்கிறது 14ஆம் பிரிவு. அவர் தாயாகவே இருக்கலாம், தங்கையாகவோ நண்பராகவோ இருக்கலாம். வேறுபாடு, தேர்ந்தெடுப்பது யார் என்பதில் இருக்கிறது. யாரையும் நியமிக்காவிட்டால் அந்த இடம் தானாகவே உறவினருக்குப் போய்விடும். அந்த உறவினரோடுதான் நோயாளிக்குப் பிணக்கு என்றாலும்.

இந்த நியமனத்துக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, நியமிக்கப்படுபவரும் எழுத்தில் சம்மதித்தால் போதும். நீங்கள் வீட்டில் யாருக்காவது மாத்திரை வாங்கப் போகிறவர் என்றால், அடுத்த முறை கிளம்பும் முன் ஒரு தாளை அந்த நோயாளி முன் வைத்து, யார் பெயரை எழுத விரும்புகிறார் என்று கேளுங்கள்.