கறுப்பில் எத்தனை கறுப்பு

நஸ்ரீன் முகமதியின் புகைப்படங்களை அவருடைய கோட்டோவியங்களுக்கான வெறும் குறிப்புகள் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. 1937-இல் கராச்சியில் பிறந்து, 1972 முதல் பரோடாவில் கற்பித்து, 1990-இல் மறைந்தவர். வாழ்நாளில் புகைப்படங்களை அவர் காட்சிக்கு வைக்கவில்லை; அவற்றுக்குத் தலைப்பும் இல்லை. இதையே சாட்சியாக்கி, பயிற்சிதான் என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. காட்டாமல் வைத்திருப்பது தகுதியின்மைக்கு அத்தாட்சி என்றால், நம்மில் பலருடைய மேசை இழுப்பறைகளைப் பற்றி என்ன சொல்வது?

சாலையில் பூசிய வெள்ளைக்கோடு, ஃபதேபூர் சிக்ரியின் கல்தளம், தறியில் இழுத்துக் கட்டிய பாவு. விஷயம் இவ்வளவுதான். ஓவியத்தில் கோடு அவர் கையிலிருந்து பிறக்கிறது. புகைப்படத்திலோ அது ஏற்கெனவே யாரோ போட்டது: சாலைப் பணியாளி, கல்தச்சன், நெசவாளி. இவர் அடிவானத்தையும் ஆட்களையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, அந்தப் பிறர் கோட்டை மட்டும் நிறுத்திவைக்கிறார். அரூபம் என்றால் உலகத்தைத் துறப்பது என்று சண்டை போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காமிராவால் துறக்க முடியாது. லென்ஸுக்கு முன்னால் ஏதோ ஒன்று இருந்தே தீர வேண்டும். ஓவியத்துக்கு இல்லாத இந்த நிர்ப்பந்தம்தான் இப்படங்களின் பலம். குறிப்புகள் என்பவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

ஆனால் இந்த விவாதத்தை எதை வைத்துக்கொண்டு நடத்துகிறோம்? சிலமலையில் உட்கார்ந்து நான் பார்ப்பது புத்தகத்தில் வந்த ஆஃப்செட் நகலை. 1915-இல் நியூயார்க்கில் பால் ஸ்ட்ராண்ட் எடுத்த 'வால் ஸ்ட்ரீட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கன் வங்கிக் கட்டிடத்தின் ராட்சத ஜன்னல் பள்ளங்கள், கீழே நீண்ட நிழல்களோடு போகும் சிறு மனிதர்கள். (வங்கிக் கவுன்ட்டரில் இருப்பவனுக்கு அந்த ஜன்னல்கள் சற்று அதிகமாகவே உறுத்தும்.) பிளாட்டினம் அச்சில் உலோகம் காகிதத்தின் நாரிலேயே படிகிறது, மினுக்கம் கிடையாது, சாம்பல் நிறத்தின் படிகள் ஏராளம். வெள்ளி அச்சில் அது ஜெலட்டின் படலத்துக்குள் நிற்கிறது. கறுப்பு இன்னும் ஆழமாகிறது. ஒன்றில் அந்த ஜன்னல் இருட்டு, மற்றதில் அடைப்பு. படம் ஒன்றேதான், அனுபவம் இரண்டு. மலிவான ஆஃப்செட் புள்ளிகளில் இரண்டுமே தார்.

அரூபப் புகைப்படம் வறட்சியானது என்று நண்பர்கள் சொல்வதில் பாதி, அச்சகத்தின் வறட்சி. முகமோ கதையோ உள்ள படம் மோசமான அச்சிலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். தொனியைத் தவிர வேறு கதியில்லாத படம் அங்கே செத்துப்போகிறது. போடியில் கணிப்பொறியில் ஏலம் கேட்கும் வியாபாரிகூட, மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. விமர்சகர்கள் சொல்லிவிடுகிறோம்.

ஸ்டீக்லிட்ஸின் 'காமிரா வொர்க்' (1903-1917) ஒரு சிறுபத்திரிகைதான். கடைசியில் அதற்கு நாற்பது சந்தாதாரர்கள்கூட இல்லை. ஆயினும் செப்புத் தகட்டில் அரித்தெடுத்த படங்களை ஜப்பானிய மெல்லிய தாளில் அச்சிட்டுக் கையால் ஒட்டிய இதழ்கள் அதில் பல. 'வால் ஸ்ட்ரீட்' 1916-இல் வெளிவந்தது அங்கேதான். நஸ்ரீனை நியூயார்க் கொண்டாட 2016-இல் மெட் ப்ராயர் திறக்கப்பட வேண்டியிருந்தது. நாம் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். அடுத்த இதழில் நாலு பக்கக் கவிதையைக் குறைத்து, ஒரே ஒரு படத்தை, நல்ல தாளில், தனியாக அச்சிட்டு ஒட்டுங்கள். என் கட்டுரைக்கு ஒதுக்கும் பக்கத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.