பங்கு கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை

2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையைவிட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். இனி வேலை செய்யாமல் இருப்பதற்கு! அவரிடம் ஆடிய மாணவர்கள் விளம்பரங்களில் சம்பாதித்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகமே அவர்களுக்குச் சம்பளம் தர மட்டும் அப்போது விதியில் இடமில்லை.

அந்த விதி, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ வகுத்தது. 1905-ல் மைதானங்களில் இளைஞர்கள் அடிபட்டு இறந்தபோது, அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கொடுத்த நெருக்கடியால் 1906-ல் உருவான அமைப்பு அது. உயிரைக் காக்க வந்தது, போகப் போகக் கல்லாவைக் காத்தது. அதையும் முழுதாகக் காக்க முடியவில்லை. 1984-ல் ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், ஃபுட்பால் ஒளிபரப்பில் அது வைத்திருந்த பிடியை உச்ச நீதிமன்றம் 7-2 என்று உடைத்தது. அன்றிலிருந்து விதிப்புத்தகம் என்சிஏஏவிடம், பேரம் பேசும் பலம் கான்ஃபரன்ஸ் எனப்படும் பல்கலைக்கழகக் கூட்டணிகளிடம். பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை.

பிக் டென் கூட்டணியைப் பாருங்கள். 2022-ல் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழாண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. 2024-ல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.வும் யு.எஸ்.சி.யும் அதில் சேர்ந்தன. ஓரிகனும் வாஷிங்டனும் கூடவே சேர்ந்தன. அவை விட்டுப்போன பாக்-12 கூட்டணியிலிருந்து வேறு பலவும் விலக, அப்போது மிஞ்சியவை இரண்டே பல்கலைக்கழகங்கள். ஃபுட்பாலுக்காகப் போட்ட கணக்கு இது. ஆனால் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸில் வாலிபால் ஆடும் பெண்ணும் லீக் ஆட்டத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ்வரை பறக்க வேண்டும். அவளுக்குத் தேர்வுகளும் உண்டு என்பது அந்த ஒப்பந்தத்தில் யாருடைய கவலையாகவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்துச் சொல்வதும் நியாயமில்லை. அமெரிக்காவில் விளையாட்டுக்கென்று அமைச்சகம் கிடையாது; ஒலிம்பிக் அணிக்கு மத்திய அரசு நேரடியாக நிதி கொடுப்பதுமில்லை. நீச்சல், தடகளம் எல்லாம் பெரும்பாலும் கல்லூரிகளில்தான் வளர்கின்றன, பெரிய பல்கலைக்கழகங்களில் ஃபுட்பால் வருமானத்தில். 1972-ன் டைட்டில் நைன் சட்டம் பெண்களுக்குத் திறந்துவிட்ட ஸ்காலர்ஷிப்புகளுக்கும் அந்த வருமானம் கைகொடுத்தது. அருமையான மானியம்தான். ஆனால் அதற்கு உழைத்துக் கொடுத்தவர்கள் ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து என்ற இரண்டே ஆட்டங்களின் இளைஞர்கள், அவர்களில் பலர் கறுப்பினத்தவர். கொடுக்கச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

நீதிமன்றம்தான் கேட்டது. 2021 ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2025 ஜூனில், வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தது: பழைய பாக்கிக்காகச் சுமார் 280 கோடி டாலர், இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும், முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர்வரை, வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம்.

பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் அந்த உச்சவரம்பை யார் வைத்தார்கள்? தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லிலும் சம்பள வரம்பு இருக்கிறது. அங்கே வீரர் சங்கம் எதிரே உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடுகிறது. இங்கே பேசியவர்கள் வழக்கறிஞர்கள். சங்கம் வைக்க முயன்றவர்கள் கதை இது: 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் சங்கத்துக்கு ஆதரவாக 13-2 என வாக்களித்தார்கள், கல்லூரி பேச்சுவார்த்தைக்கு மறுத்தது, ஆண்டு முடிவதற்குள் சங்கத்துக்கான மனு திரும்பப் பெறப்பட்டது.

இப்போது என்சிஏஏ அமெரிக்க காங்கிரஸிடம் இரண்டு கேட்கிறது: ஏகபோகத் தடுப்பு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு, வீரர்கள் ஊழியர்கள் அல்லர் என்று ஒரு சட்டம். முதலாவதைக் கொடுக்கலாம், வீரர் சங்கத்தோடு பேசி வகுத்த விதிகளுக்கு மட்டும். இரண்டாவதைக் கொடுக்கவே கூடாது.