மைக்கேல் போன பிறகு இரண்டு சீசன்

நாயகன் விலகினால் நகைச்சுவைத் தொடரை மூட்டை கட்டிவிட வேண்டுமா? அமெரிக்காவின் 'தி ஆபீஸ்' விஷயத்தில் என் தீர்ப்பு இது: தொடர்ந்தது தவறில்லை, தொடர்ந்த விதம்தான் தவறு.

2011 ஏப்ரல் 28 அன்று என்.பி.சி.யில் ஒளிபரப்பான அத்தியாயத்தோடு ஸ்டீவ் கேரல் விடைபெற்றார். அவர் நடித்த மைக்கேல் ஸ்காட், பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில் ஒரு காகித நிறுவனக் கிளையின் மேலாளர். விமான நிலையத்தில் மைக்கைக் கழற்றி, அலுவலகத்தை ஆவணப்படமாக எடுத்துவரும் படக்குழுவிடம் கொடுத்துவிட்டு நடக்கிறார். அலுவலகத் தோழி பாம் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். என்ன பேசினார்கள் என்பது நமக்குக் கேட்பதில்லை. அங்கேயே சுபம் போட்டிருக்கலாம். ஆனால் தொடர் இன்னும் 2 சீசன் ஓடியது.

கேரல் இல்லாத எட்டாவது சீசன் சறுக்கியது ஏன்? மைக்கேல் ஆடிய ஆட்டத்தைக் கவனித்தால் புரியும். மனதில் ஏதாவது தோன்றினால் போதும், எல்லாரையும் கான்ஃபரன்ஸ் ரூமுக்குக் கூப்பிடுவார். மேலாளர் கூப்பிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்? அங்கே அவர் உளறிக்கொட்டுவார். ஊழியர்களில் ஸ்டான்லி குறுக்கெழுத்திலிருந்து தலை நிமிர மாட்டார், ட்வைட் ஆமாம் போடுவார், ஜிம் மெல்லக் கேமராவைத் திரும்பிப் பார்ப்பார். நாம் சிரிப்பது ஜிம்மின் அந்தப் பார்வைக்குத்தான். அதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் மைக்கேல். செட்டர் இல்லாத வாலிபால் அணியில் அடிக்கிற ஆள் எவ்வளவு உயரம் எகிறி என்ன பயன்?

தயாரிப்புத் தரப்போ காலி நாற்காலியை நிரப்புவதிலேயே குறியாக இருந்தது. வில் ஃபெரல் 4 அத்தியாயங்கள் வந்து போனார். புது மேலாளருக்கான நேர்காணலில் ஜிம் கேரி, வாரன் பஃபெட் என்று பிரபலங்கள் வரிசை கட்டினார்கள். அடுத்து ஜேம்ஸ் ஸ்பேடர், நிறுவனத் தலைவர் ராபர்ட் கலிஃபோர்னியாவாக. நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் மைக்கேல் எல்லாருடைய அன்புக்கும் ஏங்கியவர். அவர் செய்த அபத்தங்களை நாம் மன்னித்தது அதனால்தான். ராபர்ட்டோ யாருக்கும் ஏங்காதவர். எட்டாவது சீசனின் முதல் அத்தியாயத்திலேயே ஊழியர்களை ஜெயிப்பவர்கள், தோற்பவர்கள் என்று இரண்டாகப் பிரித்து நோட்டில் எழுதிவைக்கிறார். அதைப் பார்த்து அலுவலகம் வெலவெலத்துப் போகிறது.

மேலாளர் நாற்காலி, எட் ஹெல்ம்ஸ் நடித்த ஊழியர் ஆண்டிக்குப் போனது. தோற்பவர்கள் பட்டியலில் இருந்தவர்களுக்காக அவர் ராபர்ட்டிடம் வாதாடும் காட்சியில் ஒரு புது மேலாளர் தென்பட்டார். அதை வளர்க்காமல் மைக்கேலின் அசட்டுத்தனத்தையும் ஏக்கத்தையும் அவர் தலையில் ஏற்றினார்கள். நகலாகவே நின்றுவிட்டார்.

இதே சிக்கலை, ஒரு பாரில் நடக்கும் நகைச்சுவைத் தொடரான 'சியர்ஸ்' வேறு மாதிரி கையாண்டது. 1987-இல் ஷெல்லி லாங் விலகியபோது, அவர் நடித்த டயானைப் போல இன்னொரு படிப்பாளிக் காதலியைத் தேடவில்லை. கர்ஸ்டி ஆலியின் ரெபெக்கா, நிறுவனம் அனுப்பிய மேலாளராக வந்தாள். பாரை விற்றுவிட்டுத் திரும்பிய நாயகன் சாம், அவளிடம் கைகட்டி வேலை பார்க்க வேண்டிய நிலை. மோதலே புதிது. தொடர் மேலும் 6 சீசன் ஓடியது. 1990-91 பருவத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலிடமும் பிடித்தது.

'தி ஆபீஸ்' கடைசி சீசனில் சுதாரித்தது. தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் மீண்டும் பொறுப்பேற்றார். ஜிம் பிலடெல்ஃபியாவில் தொழில் தொடங்க, ஜிம்-பாம் தாம்பத்தியத்தில் விரிசல் விழுகிறது. பாம் உடைந்து அழும்போது படக்குழுவின் மைக் பிடிப்பவரே குறுக்கிட்டு, படம் பிடிப்பதை நிறுத்தச் சொல்கிறார். மைக்கேல் இருந்த காலத்தில் இந்தக் காட்சிக்கு இடமே இருந்திருக்காது. ட்வைட்டும் மேலாளர் ஆகிறார்.

ட்வைட்டை இரண்டு வருடம் முன்பே மேலாளராக்கியிருக்கலாம் என்பதுதான் என் வாதம். முதல் அத்தியாயத்திலிருந்து அந்த நாற்காலிக்கு நாக்கைத் தொங்கப்போட்டவர் அவர். ஏழாவது சீசனின் இறுதியில் தற்காலிக மேலாளராக உட்கார்ந்து, அலுவலகத்திலேயே துப்பாக்கி வெடிக்கவைத்துப் பதவியைப் பறிகொடுத்த கூத்து ஒன்று போதும், அவரால் சிரிப்பைக் கிளப்ப முடியும் என்பதற்கு. எதிரில் ஜிம்மும் இருந்தார். வெளியிலிருந்து நட்சத்திரங்களை வரவழைக்க அவசியமே இருக்கவில்லை.