கடுதாசி வந்த பிள்ளை, வராத பிள்ளை

மிஷனரிகளைப் பத்தி நம்ம மத்தியில ரெண்டே பேச்சுதான். ஒண்ணு, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தந்த தெய்வங்கள் என்கிற துதி. இன்னொண்ணு, வெள்ளைக்காரன் ஆட்சிக்குக் கைக்கூலிகள் என்கிற வசை. துதியைக் கோயில் ஆராதனையில் கேட்கிறோம், வசையை இந்துத்துவ மேடையில் கேட்கிறோம். இரண்டிலும் மிஷனரி வீட்டுக் குழந்தைக்கு இடமில்லை. அந்தக் குழந்தை யார் இடுப்பில் வளர்ந்தது? எந்த மொழியில் அழுதது? இந்தக் கேள்வியோடுதான் டாக்டர் பால் பிராண்ட் தன் பால்யம் பற்றி எழுதியதை வாசித்தேன். ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து, வலியைப் பற்றி 1993இல் அவர் ஆங்கிலத்தில் கொண்டுவந்த நூலில் தன்வரலாறும் கலந்து கிடக்கிறது.

1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் ரெண்டு பேரும் மலையில் வைத்தியமும் ஊழியமும் பார்த்தவர்கள். செருப்பில்லாத கால், மரத்து மேல பாடம், மலைவாழ் மக்களின் பிள்ளைகளோடு ஆட்டம் என்று ஓடிய குழந்தைப் பருவம். வாசிக்கிறவனுக்கே ஏக்கம் வரும்.

அதில் ஒரு காட்சி. தொழுநோய் வந்த மூணு பேர் வீட்டு முற்றத்துக்கு வருகிறார்கள். அப்பா குழந்தைகளை விலகிப் போகச் சொல்லிவிட்டு, கையுறை மாட்டிப் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார். அம்மா பழக்கூடை கொடுக்கிறார். அவர்கள் கூடையைத் தொடாமல் விட்டுப் போகிறார்கள். கூடை எரிக்கப்படுகிறது. அவர்கள் இருந்த இடத்தைக் கொஞ்ச நாள் குழந்தைகள் மிதிக்கவே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு நம்ம தெருதான் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளைகள் விலகியதற்குக் கிருமி என்று ஒரு காரணமாவது இருந்தது. நாம உக்காந்த திண்ணையைக் கழுவிவிட்டவனுக்கு என்ன கிருமி இருந்துச்சு? ஆனால் ஒண்ணைச் சொல்லியாகணும். ஒதுங்கி நின்ற அந்தப் பையன்தான் 1946இல் வேலூருக்கு டாக்டராகத் திரும்பி வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தொட்டு, தசைநாண்களை மாற்றிக் கட்டி, கைகளை நிமிர்த்தினார். விலகச் சொல்லிக் கற்றதை அவர் கையாலேயே திருத்தினார். திண்ணையைக் கழுவினவன் இன்னும் திருத்தவில்லை.

1923இல், ஒன்பது வயசில், அவரைப் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். லண்டனில் சொந்தக்காரர்கள் வீட்டில் அவரையும் தங்கச்சியையும் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 'தாய்நாடு' என்று சொல்லப்பட்ட ஊர்தான் அவருக்கு அந்நியம். மலையிலிருந்து கப்பலில் கடுதாசி வரும். மரம், பூச்சி, மலைச்சனம் என்று அப்பா எழுதுவார். 1929இல் கருநீர்க் காய்ச்சலில் அப்பா செத்துப்போன சேதி தந்தியில் வந்துவிட்டது. ஆனால் கப்பல் மெதுவாகத்தானே வரும்? சாவுச் சேதிக்குப் பிறகும் செத்தவரின் கடுதாசிகள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. இந்த இடத்தைத் தாண்ட எனக்கு நேரமாச்சு.

ஏன்னா என்னையும் ஒன்பது வயசில்தான் போர்டிங்கில் விட்டார்கள். செட்டியார்பட்டியிலிருந்து பஸ்ஸில் கூட்டிட்டுப் போய், தகரப்பெட்டியோடு நிறுத்திவிட்டு, அம்மா திரும்பிப் பார்க்காமல் போனாள். திரும்பினால் நானும் கிளம்பிருவேன்னு பயம். அங்கே கக்கூஸ் கழுவுகிற முறை மட்டும் எங்க தெருப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்ப வந்தது. எங்க பேச்சுக்குச் சிரிப்பு கிடைத்தது. சனிக்கிழமை மற்றவர்களுக்கு இன்லேண்ட் லெட்டர் வரும். எனக்கு வராது. களையெடுக்கப் போகிற என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

இங்கேதான் என் விமர்சனம். பிரிவு இரண்டு பிள்ளைக்கும் உண்டு. அவர் வலியை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் அவருடைய பிரிவுக்குக் கடுதாசி இருந்தது, அதைப் பத்திரப்படுத்த அலமாரி இருந்தது, பின்னால் புத்தகமாக்க ஆள் இருந்தது. நம்ம பிரிவுக்கு இவை எதுவும் இல்லை. வரலாறு என்பது கடுதாசி வைத்திருந்தவர்களின் வரலாறாகவே இருக்கிறது.

மொத்தமாக இந்த வகை நூல்களைப் பாருங்கள். பிள்ளைகளைக் கப்பலேற்ற மனசில்லாத அமெரிக்க மிஷனரிகள் 1901இல் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். மலைச்சாலை வருமுன் அந்தப் பிள்ளைகளையும் மூட்டைகளையும் மலையேற்றியது யாருடைய தோள்? சென்னை மாகாணத்து வெள்ளைக்கார வீடுகளில் சமைத்தவர்களிலும் குழந்தை தூக்கியவர்களிலும் பறையர் முதலான நம்ம சனம் நிறைய. மாட்டுக்கறிச் சட்டியைத் தொட மேல்சாதிக்காரன் வரமாட்டான் என்பதும் அதற்கு ஒரு காரணம். நூல்களில் இந்தப் பெண் பாசத்தோடுதான் வருகிறாள். ஆனால் பெரும்பாலும் 'ஆயா' என்ற வேலைப்பெயரோடு வந்து, அப்படியே போய்விடுகிறாள். துரை வீட்டுப் பிள்ளைக்கு அவள் தாலாட்டுப் பாடிய ராத்திரியில் அவள் பெற்ற பிள்ளையை யார் தூங்கவைத்தது? இந்தக் கேள்வியை அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். நாமதான் கேட்கணும்.

நம்ம வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதி ஹாஸ்டலையும் கன்னியர் மடத்தையும் உள்ளிருந்து பேசினார். அந்தக் கதவு திறந்து முப்பது வருசத்துக்கு மேலாச்சு. போர்டிங்கில் வளர்ந்தவர்கள், பங்களாவில் ஆயாவாக, சமையலாளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்னும் எத்தனையோ பேர் வெளியே நிற்கிறோம்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அம்மாகிட்டக் கேட்டேன்: "எழுதத் தெரிஞ்சிருந்தா போர்டிங்குக்கு என்னம்மா எழுதியிருப்ப?" வெத்தலையை மென்னுக்கிட்டே சொன்னாள்: "என்னத்த எழுத? சாப்பிட்டியா, அழுறியான்னுதான்." அதை அன்னைக்கு ராத்திரியே நோட்டில் எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறேன். உங்க வீட்டுக் கிழவிகளிடமும் கேளுங்கள். அவர்கள் போவதற்குள் எழுதி வையுங்கள்.